பெரிய கிளிக்குப் பாதுகாப்பான பயணக்கூடு: கொழும்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பம்பலப்பிட்டியில் ஓட்டோ சடாரென்று பிரேக் போட்டது. சீற்றிலிருந்த கிளிக்கூடு சறுக்கிக் கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம். கதவு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

சுந்தரி, எங்கள் வீட்டு நீல மஞ்சள் மக்கோ என்ற பெரிய கிளி, முதலில் என் தோளில் ஏறினாள். அடுத்த கணம் காலி வீதியோர மாரா மரத்தின் உச்சியில். ஐந்து நிமிடத்துக்குள் கொழும்பின் காகங்கள் எல்லாம் அங்கே கூடிவிட்டன. அவளை இறக்க மூன்று மணித்தியாலம் பிடித்தது. என் குரலுக்கோ கெஞ்சலுக்கோ அவள் இறங்கவில்லை. வீட்டிலிருந்து அம்மா கொண்டுவந்து குலுக்கிய பாதாம் தகர டப்பாவின் சத்தத்துக்குத்தான் இறங்கினாள்.

பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. இரண்டு பாதிகளையும் பிடித்திருந்த பிளாஸ்ரிக் நட்டுகளை அவள் மாதக்கணக்காகக் கொறித்து வந்திருக்கிறாள். பெட்டி வீட்டில் சும்மா கிடந்த நாட்களில், அதன் மேல் ஏறி நின்று, வெளிப்பக்கமிருந்து. நான் கதவின் கொளுக்கியை மட்டும் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன். பெரிய கிளிக்கு ஒவ்வொரு மூட்டும் ஒரு கதவுதான். இதை விளங்கிக்கொண்டு கூடு தேடினால் பாதிப் பிழைகள் முன்னமே தவிர்ந்துவிடும்.

1. கடைக்குப் போகுமுன் கிளியை அளவெடுங்கள்

நீல மஞ்சள் மக்கோ அலகிலிருந்து வால்நுனி வரை 80 முதல் 90 சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோகிராம் அளவில். ஆபிரிக்கச் சாம்பல் கிளி 33 சென்ரிமீற்றர்தான், 400 முதல் 500 கிராம். நம் நாட்டுப் பெரிய பச்சைக்கிளி, தோளில் சிவப்புத் திட்டு உள்ளது, 58 சென்ரிமீற்றர் நீளம் என்றாலும் அதில் பாதிக்கு மேல் வால். ஆகவே “பெரிய கிளிக்கு” என்று லேபல் ஒட்டிய கூட்டை அப்படியே நம்பி வாங்க வேண்டாம்.

உள்நாட்டுக் கிளி என்றால் கூடு பற்றி யோசிக்குமுன் ஒன்று. நம் காட்டுப் பறவைகள் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வைத்திருக்கும் பறவை அதில் எங்கே நிற்கிறது என்பதை பத்தரமுல்லையிலுள்ள வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கிளி என்றால் வாங்கிய பற்றுச்சீட்டும் கால்வளைய இலக்கமும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

கிளி தன் தண்டில் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் பின்சுவரில் பென்சிலால் இரண்டு கோடு போடுங்கள்: தலை உச்சிக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று. தண்டு வைத்த பிறகும் கூட்டுக்குள் அந்த இடைவெளியும் இன்னும் நாலு விரலும் இருக்க வேண்டும். திரும்பி நிற்கும்போது தோள் சுவரில் உரசக்கூடாது. சிறகை முழுதாக விரிக்க இடம் தேவையில்லை. ஓடும் வாகனத்தில் விரிக்க இடம் இருந்தால் அடிபடவும் இடம் இருக்கும்.

வால்தான் சிக்கல். மக்கோவின் வால் தொங்கும் உயரத்துக்கு ஒரு பெட்டி தேடினால் அது ஓட்டோவுக்குள் ஏறாது. அதனால் தண்டை நிலத்திலிருந்து 8, 10 சென்ரிமீற்றர் உயரத்தில், முன்பக்கமாகத் தள்ளிப் பொருத்துங்கள். வால் பின்னால் படுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் மக்கோவுக்கு நீளம் 70, உயரம் 55, அகலம் 45 சென்ரிமீற்றர் உள்ள பெட்டி போதும். சாம்பல் கிளிக்குப் பூனையைக் கொண்டுபோகும் நடுத்தரப் பெட்டியே தாராளம்.

இன்னொரு அளவும் உண்டு, அது உங்கள் கையின் பலம். நாங்கள் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் அந்தக் கூட்டைப் படியால் இறக்குவது யார் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

2. எந்த வகைக் கூடு?

துணிப்பையும் வலைவைத்த முதுகுப்பையும் பெரிய கிளிக்கு வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, தூக்க இலகு. மக்கோவின் அலகுக்கு ஒரு சிப்பும் ஒரு நூல்வலையும் பத்து நிமிட வேலை.

மெல்லிய கம்பிக்கூடும் சரிவராது. விரலால் அழுத்த வளைகிற கம்பி, மக்கோவின் அலகில் நூடில்ஸ் மாதிரி. அதைவிட மோசமானது கம்பியின் மேலுள்ள நாக (சிங்க் உலோக) பூச்சு. கல்வனைஸ் செய்த கம்பியைக் கிளி ஓயாமல் நக்கிக் கடிக்கும்போது நாகம் உடம்பில் சேர்ந்து நஞ்சாகும். கடலோரமாக இருப்பவர்களுக்கு இது இன்னும் கிட்டிய ஆபத்து. வெள்ளவத்தை, தெஹிவளை உப்புக்காற்றில் அந்தப் பூச்சு சீக்கிரமே வெள்ளைத் தூளாகக் கிளம்பும். வினாகிரியால் தேய்த்துக் கழுவினால் குறையுமே தவிரப் போகாது.

நாய், பூனைக்கான கெட்டிப் பிளாஸ்ரிக் பெட்டிதான் பெரும்பாலானோருக்கு ஏற்றது. கிடைக்கும், கழுவலாம், பாரம் குறைவு, மூன்று பக்கம் மூடியிருப்பதால் கிளியும் அமைதியாக இருக்கும். என்னுடையது பிரிந்து விழுந்ததும் இந்த வகைதான். ஆனாலும் இதையே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதன் குறைகளை வீட்டிலேயே திருத்தலாம். வெளிநாடு போய் வந்தவர்களும் நாயை இறக்குமதி செய்தவர்களும் பாவித்த பெட்டிகளை விற்பார்கள், நல்ல விலைக்கு வரும். முன்பு நாய் இருந்த பெட்டி என்றால் நீர் கலந்த பிளீச்சால் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்தால் சரி. முன்பு கிளி இருந்த பெட்டி என்றால் கொஞ்சம் நில்லுங்கள். கிளிகளின் அலகு, இறகு நோய்க்கிருமி வெளியில் நீண்ட காலம் உயிரோடிருக்கும். அந்தக் கிளிக்கு என்ன நடந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். பாவித்த மரப்பெட்டி கிருமி நீக்கவே முடியாதது. இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

அக்ரிலிக் பெட்டியில் கிளி அலகு வைக்கப் பிடி இல்லாதது பெரிய நன்மை. ஆனால் கொழும்பு வெயிலில் அது கண்ணாடி வீடு. காற்றோட்டத் துளைகள் நாலு பக்கமும் தாராளமாக இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அக்ரிலிக் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். சவர்க்கார நீர் மட்டும்.

கடைசியாக, செய்விப்பது. மொறட்டுவையில் நல்ல தச்சு பாஸ்மார் இருக்கிறார்கள், ஆனால் பெரிய கிளிக்கு மரம் என்பது சாப்பாடு. விளிம்பெல்லாம் அலுமினியக் கோணம் அடித்தால்தான் தாங்கும். நான் போனது ஹோட்டல்களுக்குச் சமையல் மேசை, கொத்துத் தட்டு செய்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறைக்கு. அவர்களுக்குத்தான் பெயின்ட் இல்லாமல், கூர் விளிம்பு இல்லாமல், சாப்பாட்டுப் பொருள் தொடும்படி வேலை செய்யத் தெரியும். படத்தை நீட்டினேன்.

“தங்கச்சி, இது கிளிக்கா, கரடிக்கா?” என்றார் பாஸ்.

“கிளிக்குத்தான் பாஸ். ஒருக்கா வந்து அதன் அலகைப் பாருங்கோ.”

வந்தார், பார்த்தார், விரலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். 3 மில்லிமீற்றர் கம்பி என்று சொல்லியிருந்தவர் 4 மில்லிமீற்றர் போட்டுத் தந்தார். கம்பிகளுக்கு இடையில் தலை நுழையாத அளவு, மக்கோவுக்கு 2.5 சென்ரிமீற்றர், இடைவெளி விடச் சொல்லுங்கள். மூன்று பக்கம் தகடு, கதவுப் பக்கமும் மேலே ஒரு துண்டும் கம்பி. ஒரே குறை பாரம்.

3. ஒவ்வொரு மூட்டையும் கதவாகப் பாருங்கள்

பிளாஸ்ரிக் பெட்டி வாங்கியவர்கள் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் எல்லாச் சாமானும் ஒரே நடையில் கிடைக்கும்.

இரண்டு பாதிகளையும் பிடிக்கும் பிளாஸ்ரிக் திருகாணிகள் அத்தனையையும் கழற்றி எறியுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட், பெரிய வொஷர், நைலோன் வளையம் உள்ள லொக் நட் போடுங்கள். நட் இருப்பது வெளிப்பக்கம், போல்ட்டின் வழவழப்பான தலை உட்பக்கம். நைலோன் நட் குலுக்கலில் கழறாது, விரலாலோ அலகாலோ திருகவும் முடியாது. வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஸ்டெயின்லெஸ் என்று தருவது காந்தத்தில் பலமாக ஒட்டினால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது கதவு. இந்தப் பெட்டிகளின் கதவு மேலும் கீழும் இரண்டு கம்பி முனைகளில் நிற்கிறது. நடுவிலுள்ள விசையை அழுத்தினால் முனை உள்ளே போகும். கதவின் மூலையை உள்ளிருந்து பலமாகத் தள்ளிப் பாருங்கள். பல பெட்டிகளில் கதவு வளைந்து, பூட்டியபடியே முனை வெளியே வந்துவிடும். பூட்டுப் பக்கம் மேலும் கீழும் ஒவ்வொரு திருகுக் கரபினர் (திருகி மூடும் உலோகக் கொக்கி வளையம்) போட்டுக் கதவைப் பெட்டியோடு இணையுங்கள். வெறும் விசைக் கரபினர் போதாது. மக்கோ, காக்கட்டூ (கொண்டைக் கிளி) எல்லாம் அதைத் திறப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். சாவிப்பூட்டுப் போடுவதை நான் விரும்புவதில்லை, வாகனம் மோதிவிட்டால் சாவி தேட நேரம் இருக்காது.

கைபிடியைப் பலர் பார்ப்பதே இல்லை. பிளாஸ்ரிக் கைபிடி இரண்டு சிறு காதுகளில் மாட்டியிருக்கும். தூர நடைக்கு அதை நம்பாமல், பயணப்பெட்டியைச் சுற்றிக் கட்டுகிற நைலோன் பட்டி இரண்டைப் பெட்டியின் அடியால் சுற்றிக் கட்டித் தூக்குங்கள். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் பிரியாமல் இருக்க அது இரண்டாவது காவல்.

காற்றுத்துளைகளின் விளிம்பில்தான் கடி தொடங்கும். உள்ளே கைவிட்டுத் தடவி, அலகு பற்றக்கூடிய விளிம்பெல்லாம் எங்கே என்று பாருங்கள். அந்த இடங்களில் சிறு ஸ்டெயின்லெஸ் தகட்டுத் துண்டை, துளையை மூடாமல், போல்ட் பண்ணிவிடுங்கள்.

4. தேங்காய்ச் சோதனை

கிளியை வைத்துப் பரிசோதிக்காதீர்கள். உரித்த தேங்காய் இரண்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுங்கள். ஒரு மக்கோவின் பாரம் ஏறக்குறைய வந்துவிடும், உருண்டு உருண்டு கதவில் மோதவும் செய்யும். கைபிடியில் தூக்கி மாடிப்படி ஏறி இறங்குங்கள். பக்கவாட்டில் சரியுங்கள், தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், முழங்கால் உயரத்திலிருந்து மெத்தையில் போடுங்கள். பிறகு ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது அம்மா, “கோயிலுக்குக் கொண்டுபோற தேங்காய், கவனம்” என்றா. முதல் தடவை ஒரு காய் கதவால் வந்து விழுந்து உடைந்தது. அன்றைக்கு வீட்டில் சம்பல்.

5. உள்ளே என்ன, என்ன கூடாது

தண்டுக்குக் கொய்யாக் கிளை நல்லது, மருந்து அடிக்காத மரத்திலிருந்து. மக்கோவுக்கு 3 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்பு, சாம்பல் கிளிக்கு 2.5. விரல்கள் தண்டை முக்கால் சுற்றுப் பிடிக்க வேண்டும். இரு முனையிலும் துளையிட்டு வெளியிலிருந்து போல்ட்டால் இறுக்குங்கள். சுழலும் தண்டு இல்லாத தண்டைவிட மோசம்.

கீழே பத்திரிகைத் தாளை இரண்டு மூன்று மடிப்பாக விரித்து விளிம்பில் அழுத்திவிடுங்கள். துவாய் போட்டால் நகம் நூலில் சிக்கும். விளையாட்டுச் சாமான், மணி, ஊஞ்சல் எதுவும் வேண்டாம், பிரேக் போடும்போது அவைதான் கிளியின் தலையில் அடிக்கும். தண்ணீர்க் கிண்ணமும் ஓடும்போது வேண்டாம். வெள்ளரி, அப்பிள், தோடம்பழத் துண்டு கொடுத்தால் தாகம் அடங்கும். வாகனம் நிற்கும் இடங்களில் தண்ணீர் காட்டுங்கள்.

6. கிளி தானாக உள்ளே போகும்வரை பயணம் இல்லை

கூடு எவ்வளவு பலமாக இருந்தாலும், துவாயால் அமுக்கிப் பிடித்து உள்ளே தள்ளப்பட்ட கிளி முதல் நிமிடத்திலேயே வெளியேறும் வழி தேடத் தொடங்கும். தானாக நடந்து போன கிளி தண்டில் இருந்து இறகு கோதும். பூட்டுகளின் பாதி வேலையை இந்தப் பழக்கம் செய்துவிடும்.

கதவைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஹோலில், அவள் வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று நாள் எதுவும் செய்ய வேண்டாம், பெரிய கிளிகள் புதுப் பொருளுக்குப் பயப்படும். பிறகு அவளுக்கு மிகப் பிடித்த ஒன்றை, வேறு எங்கும் எப்போதும் கொடுக்காத ஒன்றை, பெட்டியின் வாசலில் வையுங்கள். எங்களுக்கு அது பாதாம். கச்சான் கொடுப்பவர்கள் உண்டு, நம் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிப்பதால் நான் கொடுப்பதில்லை. வாசலில் எடுத்தால் நாளை அரையடி உள்ளே. அது முடிந்தால் தண்டின் மேல்.

உள்ளே நின்று சாப்பிடத் தொடங்கிய பிறகு கதவைப் பொருத்துங்கள். ஐந்து விநாடி மூடி, திறந்து, பாதாம். அடுத்த நாள் அரை நிமிடம். பிறகு ஒரு சாண் தூக்கி இறக்கி, பாதாம். ஹோலைச் சுற்றி ஒரு நடை. லிஃப்ட் வரை. என்ஜின் ஓடாத காருக்குள் ஐந்து நிமிடம். வெள்ளவத்தைச் சந்தை வரை ஒரு ஓட்டம். சுந்தரிக்கு நாலு கிழமை எடுத்தது. ஒருநாள் அவசரப்பட்டு மூன்று படியை ஒன்றாகத் தாண்டினேன். திரும்ப முதல் படிக்கே போக வேண்டி வந்தது.

அவசர வைத்தியம் என்றால் பழக்க நேரம் இருக்காது. விளக்கை அணைத்து, துவாயால் பின்னாலிருந்து போர்த்தி, ஒரு கையால் தலையை இரு பக்கமும் பிடித்து, மறு கையால் உடம்பைத் தாங்கித் தூக்குங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தக்கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் வாய் திறந்திருந்தாலும் மூச்சு முட்டிச் சாகும்.

7. வீதியில்

சுந்தரியை நாங்கள் வருடம் ஒருமுறை பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறோம். ஏறக்குறைய 110 கிலோமீற்றர், கடுகண்ணாவை வளைவுகளோடு. அந்த வளைவுகளில்தான் கூட்டைக் கட்டிவைப்பதன் அருமை தெரியும். சீற் பெல்ற்றைக் கைபிடிக்குள்ளால் விடுவது கட்டுவதாகாது, கைபிடி கழன்றால் கூடு பறக்கும். பெல்ற் பெட்டியின் உடலைச் சுற்றிப் போக வேண்டும். பின் சீற்றில், கிளியின் முகம் பக்கவாட்டைப் பார்த்தபடி. எயார்பாக் உள்ள முன் சீற்றில் ஒருபோதும் வேண்டாம்.

ஓட்டோவில் போனால் கால்களுக்கிடையில் கீழே வைத்து முழங்காலால் பிடியுங்கள். சீற்றின் பின்னாலுள்ள இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். அதற்குக் கீழேதான் என்ஜின், சூடும் புகையும் நேரே மேலே வரும்.

ஏறுமுன் டிரைவர் அண்ணையிடம் ஒன்று கேளுங்கள். பல ஓட்டோ, வான்களில் காலையில் ஊதுபத்தி கொளுத்துவார்கள், வாசனைப் போத்தல் தொங்கும். பறவையின் நுரையீரலுக்கு இரண்டும் கேடு. “கிளிக்கு ஒத்துவராது அண்ணை” என்று மரியாதையாகச் சொன்னால் அணைத்துவிடுவார்கள். சாமிப்படத்துக்கு முன்னால் எரிவதை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நேரம் வேறு ஓட்டோ பிடிப்பேன்.

கூட்டின் மூன்று பக்கத்தைப் பழைய பருத்திச் சாரத்தால் மூடுங்கள், முன்பக்கம் திறந்திருக்கட்டும். ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்கக்கூடாது. பறவைக்கு வியர்க்காது. சூடு கூடினால் அலகைத் திறந்து மூச்சிழுக்கும், சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும். அதைக் கண்டால் உடனே நிழல், காற்று, கால்களில் சாதாரணத் தண்ணீர். தேத்தண்ணீர் குடிக்க இறங்கும்போது பூட்டிய வாகனத்துக்குள் கிளியை விட்டுப் போவதற்கு எந்தச் சாட்டும் இல்லை. ஜன்னலை இரண்டு விரல் இறக்கி விட்டாலும்தான்.

8. தப்பிவிட்டால்

பெட்டியின் மேல் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தொலைபேசி இலக்கம் எழுதி ஒட்டுங்கள். கால்வளைய இலக்கமும் தெளிவான படமும் உங்கள் போனில் இருக்கட்டும். கிளிக்குச் சத்தம் பழகிய பாதாம் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். பறந்துவிட்டால் ஓடித் துரத்தாதீர்கள், ஒருவர் மரத்தடியில் நின்று கண்ணை எடுக்காமல் பார்க்கட்டும். பெட்டியைக் கதவு திறந்தபடி அவள் காணும் இடத்தில் வையுங்கள். காகங்களை மற்றவர் விரட்டட்டும்.

9. நாடு விட்டுப் போகிறவர்களுக்கு

சுந்தரி எங்களிடம் வந்ததே மாமா கனடா போனதால். மக்கோ ஐம்பது வருடம் வாழும், விசா அவ்வளவு காலம் காத்திருக்காது. விமானத்துக்கு மேலே சொன்ன கூடு போதாது. ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஒவ்வொரு வருடமும் வெளியிடும் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகளின்படி பெட்டி இருக்க வேண்டும். அளவைப் பெட்டி செய்யுமுன்பே விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979 முதல் இருக்கிறது, அதற்கான அனுமதி தருவது வனசீவராசிகள் திணைக்களம். சாம்பல் கிளி 2017 ஜனவரியிலிருந்து அதன் மிகக் கடுமையான பட்டியலான முதலாம் பின்னிணைப்பில், ஆகவே அதற்கான கடதாசி வேலை கடினம். நீல மஞ்சள் மக்கோ இரண்டாம் பின்னிணைப்பு. போகிற நாடு ஏற்குமா என்பதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் பாருங்கள்: அவுஸ்திரேலியா இங்கிருந்து செல்லக்கிளியை ஏற்பதில்லை, எவ்வளவு நல்ல பெட்டியில் அனுப்பினாலும்.

வீடு திரும்பியதும்

தாளை எடுத்துக் கழுவி, ஒவ்வொரு நட்டையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். பிறகு பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றாமல், கதவு திறந்தபடி ஹோலிலேயே விடுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மத்தியானத்தில் சுந்தரி அதற்குள் போய் நின்று அன்றைய பத்திரிகையைக் கிழிக்கிறாள், அம்மா வாசித்து முடிக்குமுன்.